வாய்ச்சொல்லில் தரப்பட்ட பணி: கிழக்குக் கரையோரச் சபை ஒன்றில் பெண் ஊழியம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், களுவாஞ்சிக்குடியைத் தாண்டி அம்பாறை மாவட்ட எல்லையை நெருங்கும் இடத்தில் உள்ள ஒரு சிறிய சபையே இவ்வாய்வின் பொருள். சீர்திருத்த மரபைச் சேர்ந்த இச்சபையின் தாய்த் திருச்சபை, பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்துவதை ஏற்றுக்கொண்ட ஒன்று. ஆகவே பெண் ஊழியம் செய்யலாமா என்ற கேள்விக்குச் சட்ட அளவில் அங்கே எப்போதோ விடை கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும், பல ஆண்டுகளாக அச்சபையின் ஊழியத்தில் பெரும்பகுதியைச் சுமந்துவந்த ஒரு பெண்ணின் பெயர், பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஊழியர் என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது எப்படி நேர்ந்தது, எழுதப்படாததால் யாருக்கு என்ன இழப்பு, ஒரு மரண வீட்டை ஒட்டி எழுந்த சச்சரவு அதை எவ்வாறு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்பவற்றையே இங்கே பார்க்கிறோம். ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் விடப்பட்டுள்ளன. ஆளை இனங்காட்டக்கூடிய சிறு விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

சபையில் முப்பதுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் உள்ளன. கடற்றொழில் செய்வோர், கூலி வேலைக்குப் போவோர், ஓரிரு அரச உத்தியோகத்தர்கள், மத்திய கிழக்கிலிருந்து வரும் பணத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீடுகள் என்று கலவையான ஒரு கூட்டம். அங்கேயே தங்கியிருக்கும் குரு கிடையாது. நகரத்தில் இருக்கும் முகாமைக்குருவின் பொறுப்பில் இதுபோன்ற பல சபைகள் உள்ளதால், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்திவிட்டுப் போவதே அவரால் இயன்றது. மீதி ஞாயிறுகளில் ஆராதனை நடத்தவும், வருத்தக்காரரைப் போய்ப் பார்க்கவும், ஞாயிறு பாடசாலையைக் கொண்டுசெல்லவும், சண்டை பிடித்த வீடுகளில் சமாதானம் பேசவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருவர். கணவரை யுத்த காலத்தில் இழந்தவர். சபையில் சிறியவர் பெரியவர் அனைவரும் அவரை “ரீச்சர்” என்றே அழைப்பதால் இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறோம்.

ரீச்சர் இந்தப் பணிக்கு யாராலும் நியமிக்கப்பட்டவரல்லர். 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் யுத்தம் மீண்டும் வெடித்த பின்னர், கிழக்கில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளாரும் உடன்வந்த இளைஞரும் வழியிலேயே காணாமற்போனார்கள். குருமாருக்கே அந்த நிலை என்றால், ஊரில் இருந்த இளைஞர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. பிடிபட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள், கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் தப்பிப் போனவர்கள் என்று சபையின் ஆண்கள் வரிசை வெறுமையானபோது, கோயில் திறப்பு ரீச்சரின் தாயாரின் கைக்கு வந்தது. தாயாருக்குப் பிறகு ரீச்சரின் கைக்கு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் முகாம்களில் நடந்த மாலைச் செபங்களும், 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்பட பலர் குண்டுவெடிப்பில் இறந்ததைத் தொடர்ந்து, கோயிலுக்குப் போகவே சனம் அஞ்சிய வாரங்களில் வீடுவீடாக நடந்த செபங்களும் அவர் முன்னின்று நடத்தியவையே.

இவற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், நெருக்கடியில் பெண்ணின் கைக்கு வரும் பொறுப்பு, நெருக்கடி தீர்ந்ததும் சத்தமின்றித் திரும்பப் பெறப்படுவதை இக்கரையோரத்தின் பல சபைகளில் காணலாம். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு இச்சபையிலும் ஒரு நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். ரீச்சருக்குப் பூச்சாடியும் பீடத் துணியும் ஞாயிறு பாடசாலையும் மிஞ்சின. ஆராதனை நடத்த ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் மட்டும் அவரைக் கூப்பிட்டார்கள்.

மட்டக்களப்புத் தேசத்தின் சமூக அமைப்பை அறிந்தவருக்கு இது இன்னும் முரணாகத் தோன்றும். இங்கே குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகின்றன. கலியாணம் முடித்தவன் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருக்கிறான். கிறிஸ்தவக் குடும்பங்களில் குடி முறையின் பிடி தளர்ந்திருந்தாலும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் தளரவில்லை. இதன் விளைவு என்னவென்றால், ஒரு கிராமச் சபையில் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருப்பவர்கள் தாய், மகள், பேத்தி ஆகியோரே. யார் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது திருமுழுக்கு நடந்தது, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கிழவி மருந்து எடுக்காமல் படுத்திருக்கிறாள் என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். நிர்வாகக் குழுவில் இருந்த ஐவரில் மூவர் திருமணத்தின் மூலம் அந்த ஊருக்கு வந்தவர்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், சபைக்காக உழைத்தவர்கள். ஆனால் தங்கள் மனைவியரின் சபையை மனைவியரிடம் கேளாமல் நடத்தினார்கள். இந்து ஆலயங்களில் தாய்வழியாகக் குடியுரிமை பெற்ற ஆண்களே வண்ணக்கர் எனப்படும் ஆலய நிர்வாகிகளாக அமர்வதை நினைத்தால், உரிமை பெண் வழியாகவும் பதவி ஆண் கையிலுமாக இருக்கும் இந்த ஏற்பாடு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது புரியும். திருச்சபை அதைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இனி அந்த மரண வீடு. ஒரு மார்கழியில், அடைமழை மூன்றாம் நாளைத் தாண்டியிருந்த வேளையில், சபையின் மூத்த உறுப்பினரான ஒரு முதியவர் இறந்தார். முகாமைக்குரு திருகோணமலையில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வெருகல் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் அவரால் திரும்ப முடியவில்லை. அயல் சேகரத்துக் குருவும் தன் பகுதியில் இடம்பெயர்ந்தவர்களோடு நின்றார். மின்சாரம் இல்லை, பிரேதத்தை இன்னொரு நாள் வைத்திருக்க வழியில்லை. ரீச்சர் தொலைபேசியில் முகாமைக்குருவைத் தொடர்புகொண்டார். “வேற வழி இல்ல ரீச்சர், நீங்களே நடத்துங்க, புத்தகத்தில இருக்கிற ஒழுங்குப்படியே செய்யுங்க” என்று அவர் சொன்னதை அருகில் நின்ற இருவர் கேட்டனர்.

வீட்டில் நடந்த ஆராதனைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சேமக்காலைக்குப் புறப்படும்போதுதான் இறந்தவரின் மருமகன் ஒருவர் தடுத்தார். பெண்கள் படலையோடு நிற்கட்டும், அங்கே ஆண்கள் யாராவது ஒரு செபம் சொன்னால் போதும் என்றார். நிர்வாகக் குழுவின் மூத்தவர் அதை ஆமோதித்தார். இறந்தவரின் மனைவி, எண்பதை நெருங்கிய தாயார், கதிரையில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: “வருத்தமாக் கிடந்த ஆறு மாசமும் புள்ளதானே வந்து செபிச்சது. இப்ப மட்டும் ஏன் மறிக்கிறீங்க? நீ போ மனே.” அதற்குமேல் எவரும் பேசவில்லை.

கரையோர மணலில் மாரி காலத்தில் குழி வெட்டுவது எளிதன்று. இரண்டு முழம் இறங்கியதும் ஊற்று எடுத்துவிடும். இளைஞர்கள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பக்கத்து மணல் சரிந்து மறுபடியும் வெட்ட வேண்டியதாயிற்று. ரீச்சர் ஆராதனைப் புத்தகத்தைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, அதன் மேலாகவே வாசித்தார். பெட்டி இறங்கும்போது மிதந்துவிடாமல் இருக்க மேலே மண்மூட்டை வைக்கச் சொன்னதும் அவரே. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளிக்குப் பிந்திய அடக்கங்களில் தன் தாயார் அப்படிச் செய்ததைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருந்தார். இத்தகைய அறிவு எந்த இறையியல் பாடத்திலும் கிடைக்காது. ஊழியம் என்பதில் இதற்கு இடமில்லை என்று சொல்வோர், அன்று அந்தக் குழியருகே நின்றிருக்க வேண்டும்.

இரு வாரங்களின் பின் எழுத்து மூலமான முறைப்பாடு ஒன்று முகாமைக்குருவிடம் சென்றது. அதில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன: பெண் சேமக்காலைக்குள் நின்று அடக்க ஆராதனை நடத்தியது வேதத்துக்கு முரண், நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றி நடந்தது, அயலவர் முன்னிலையில் சபைக்கு இழிவு. முதலாவது குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக, பெண்கள் சபையில் அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் வசனங்கள் உள்ள, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14 ஆம் அதிகாரமும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2 ஆம் அதிகாரமும் காட்டப்பட்டிருந்தன.

இதை ஆராயக் கூடிய சேகரக் கூட்டத்தில் வேத வசனங்களைப் பற்றிய பேச்சே நெடுநேரம் நடந்தது. முறைப்பாட்டாளர் வாசித்து முடித்ததும், தையல் தொழில் செய்யும் ஒரு பெண் எழுந்து, கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தின் 11 ஆம் அதிகாரத்தில் பெண்கள் செபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே, பேசவே கூடாதென்றால் அதை எதற்கு எழுதினார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் விடை வரவில்லை. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளையும், போதகரான அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிய பிரிஸ்கில்லாளையும் முகாமைக்குரு நினைவூட்டினார். ஆனாலும் எமது கணிப்பில், சச்சரவின் வேர் வசனத்தில் இருக்கவில்லை. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பது அயலிலுள்ள இந்துக் குடும்பங்களின் வழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் சேமக்காலைக்குப் போனாலும் பின்னால்தான் நிற்பார்கள். முறைப்பாட்டின் மூன்றாவது வரியில் இருந்த “இழிவு” என்ற அச்சமே முதலாவது வரிக்கு வசனத்தைத் தேடிக் கொடுத்தது. வழக்கத்தை வழக்கம் என்றே சொல்லி வாதிட்டிருந்தால் அதை மதித்துப் பேசியிருக்கலாம்.

பெண்கள் வாய்திறவாதிருப்பதே ஆதிமுதல் வந்த ஒழுங்கு என்ற எண்ணத்துக்கு இக்கரையோரத்தின் மிஷன் வரலாறும் இடங்கொடுக்காது. இங்கிலாந்தில் 1761 ஆம் ஆண்டிலேயே சாரா குரொஸ்பி என்ற பெண் பெருங்கூட்டத்தின் முன் பேசியதை மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தடுக்கவில்லை. பத்தாண்டுகளின் பின் மற்றொரு பெண் பிரசங்கியான மேரி பொசன்கெற்றுக்கு எழுதிய கடிதத்தில், அவருக்குக் கிடைத்திருப்பது அசாதாரணமான அழைப்பு என்ற அடிப்படையில் அவருடைய பிரசங்கத்தை ஏற்றுக்கொண்டார். வெஸ்லி இறந்த பின் 1803 ஆம் ஆண்டு மெதடிஸ்த மாநாடுதான், பெண்கள் பிரசங்கிப்பதானால் பெண்களுக்கு மட்டுமே, அதுவும் அனுமதியோடு என்று கட்டுப்படுத்தியது. சரியாகப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1814 இல், மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். கடற்பயணத்தில் மனைவியைப் பறிகொடுத்து வந்தவர், மறு ஆண்டே தாமும் இறந்து இந்த மண்ணில் அடங்கினார். அவருடைய அர்ப்பணிப்பை மட்டக்களப்பு இன்றும் சிலை வைத்து நினைக்கிறது, அது தகும். ஆயினும் அவரை அனுப்பிய திருச்சபை, பெண் பிரசங்கிகளை மௌனமாக்கிச் சில காலமே ஆகியிருந்த திருச்சபை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பெண்களுக்குக் கல்வி வந்தது; 1820 இல் தொடங்கிய, இன்று வின்சன்ற் மகளிர் உயர்தரப் பாடசாலை என்று அறியப்படும் கல்விக்கூடம் அதற்குச் சாட்சி. பிரசங்க மேடை வரவில்லை. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்த 1974 வரை சென்றது. இன்று இலங்கையில் மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபைகளில் பெண் குருக்கள் பணியாற்றுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளோ, 1920களில் டென்மார்க்கிலிருந்து வந்து இங்கு உழைத்த அன்னா லெவினி என்ற பெண்ணைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராக எண்ணுகின்றன. இருந்தும் அவ்வகைச் சபைகள் பலவற்றில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் “பாஸ்டரம்மா” என்ற, கணவரின் பதவியைச் சார்ந்த இடமே.

கூட்டத்தின் முடிவு இதுதான். முகாமைக்குரு தொலைபேசியில் அனுமதி கொடுத்ததை ஏற்று, தவறு ஏதும் நடக்கவில்லை என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். அத்துடன், ரீச்சர் விரும்பினால் பிரசங்கியாருக்கான படிப்பை முடித்து உரிய பரீட்சைக்குத் தோற்றலாம் என்றும் தீர்மானித்தார்கள். அவர் படித்தார், தேறினார். சேகரத்தின் பிரசங்க அட்டவணையில் இப்போது அவருடைய பெயர் அச்சில் வருகிறது. முறைப்பாடு எழுதிய மூத்தவர், ரீச்சர் பிரசங்கிக்கும் ஞாயிறுகளில் ஆராதனைக்கு வருவதில்லை. ஆனால் பாரிசவாதத்தில் படுத்திருக்கும் தன் மனைவியைப் பார்க்க ரீச்சர் வரும்போது படலையைத் திறந்துவிடுகிறார்.

இது நல்ல முடிவு என்று பலர் சொல்கிறார்கள். எமக்கு அதில் முழு நிறைவு இல்லை. காரணங்களில் முதன்மையானது திருவிருந்து. மேற்சொன்ன சம்பவங்களுக்குப் பின், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாய் திருவிருந்து பெற விரும்பினார். முகாமைக்குரு வரக் கிடைத்தது ஆறு நாள் கழித்து. அதற்கு முந்திய இரவே அவர் இறந்துவிட்டார். அந்த ஆறு நாளும் ரீச்சர் அவருடைய கட்டிலருகே இருந்தார். அதே வீதியில் சிறிது தூரத்தில் உள்ள கத்தோலிக்கப் பங்கில், நோயாளியின் வீட்டுக்கு அருட்சகோதரி ஒருவர் நற்கருணையை எடுத்துச் செல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவதில்லை என்பதை 1994 இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை உறுதியாக அறிவித்தார். அந்த நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் நற்கருணையை வழங்கும் அசாதாரணப் பணியாளராகப் பெண் இருப்பதை அதன் சட்டம் அனுமதிக்கிறது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடப்பணியாளர் ஆகிய பணிநிலைகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். பெண்ணைக் குருவாக்க மறுக்கும் திருச்சபையில் ஒரு பெண்ணின் கையால் நோயாளிக்கு நற்கருணை கிடைக்கிறது. பெண்ணைக் குருவாக்க ஒப்புக்கொண்ட திருச்சபையில், குரு ஆசீர்வதித்த அப்பத்தை எடுத்துச் செல்ல ஒரு பெண்ணுக்கு ஒரு கடிதம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தில் பிழை கொள்கையில் இல்லை, கவனிப்பிலேயே உள்ளது.

இரண்டாவது, வீட்டுச் சந்திப்புகளில் ரீச்சரின் காதுக்கு வருபவை. நுண்கடன் கொடுத்த கம்பனியின் ஆள் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பதை, கணவன் குடித்துவிட்டு அடிப்பதை, வெளிநாட்டுக்குப் போன மகளிடமிருந்து மாதக்கணக்காக அழைப்பு வராததை ஆண் குருவிடம் சொல்ல இங்குள்ள பெண்கள் தயங்குகிறார்கள். ரீச்சரிடம் சொல்கிறார்கள். அவற்றை அவர் ஒரு சீஆர் கொப்பியில், பெயர் எழுதாமல், தனக்கு மட்டும் விளங்கும் குறிகளோடு எழுதி வைத்திருக்கிறார். எதை இரகசியமாக வைக்க வேண்டும், எதைப் பொலிஸில் முறையிட வேண்டும், பிரதேச செயலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கு எவரும் பயிற்சி கொடுக்கவில்லை. பிரசங்கப் பரீட்சையில் இவை கேட்கப்படுவதும் இல்லை. பெண்களின் ஊழியத்தில் மிகவும் பாரமான பகுதி எதுவோ, அதற்கே ஆதரவு மிகவும் குறைவாக உள்ளது.

மூன்றாவது, பணம். யுத்தத்துக்கு முன் இச்சபையில் உபதேசியார் ஒருவர் இருந்தார். அவருக்குச் சேகரம் மாதப்படி கொடுத்தது. அதே வேலையையும் அதற்கு மேலும் செய்யும் ரீச்சருக்கு எதுவும் இல்லை. அவருக்கு ஓய்வூதியம் வருகிறதே என்பது நிர்வாகக் குழுவின் பதில். உபதேசியாருக்கு வயல் இருந்தது. அப்போது எவரும் அதைச் சொல்லவில்லை. ஊழியத்தை ஆண் செய்தால் உத்தியோகம், பெண் செய்தால் பக்தி என்று கணக்குப் பார்க்கும் மனநிலையை மாற்றாமல் பிரசங்க அட்டவணையில் பெயர் சேர்ப்பதால் பெரிதாக எதுவும் மாறாது.

இப்போது விடயம் அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கிறது. ரீச்சரின் தங்கை மகள், உயர்தரம் சித்தியெய்தியவர், குருத்துவப் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். தெரிவானால் பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியில் படிக்க வேண்டியிருக்கும். வீட்டில் வேதத்தைக் காட்டி யாரும் தடுக்கவில்லை. தாயாரின் கேள்வி வேறு: “சின்னம்மா, இவளுக்கெண்டு அத்திவாரம் போட்ட வீடு இருக்கு. மூண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தினா, வாற மாப்பிள்ளை எங்க இருக்கிறது?” என்று தன் சின்னம்மாவான மூத்த சபை உறுப்பினரிடம் அவர் முறையிட்டார். இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. குருவை இடம்மாற்றும் ஒழுங்கு, மனைவி பின்னே வருவாள் என்ற கணிப்பில் ஐரோப்பாவில் உருவானது. கணவன் மனைவியின் வளவுக்கு வரும் இந்தத் தேசத்தில், பெண் குரு ஒருவர் ஒரே நேரத்தில் தாயின் வீட்டையும் அது தரும் பாதுகாப்பையும் விட வேண்டியிருக்கிறது. அவருடைய கணவனாக வருபவனோ, தனக்குப் பழக்கமான வழக்கத்தின்படியும் இல்லாமல் திருச்சபையின் வழக்கத்தின்படியும் இல்லாமல், நடுவில் நிற்கிறான். முதல் சில நியமனங்களையாவது தாய் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் கொடுப்பதும், குருமனையில் இரவில் தனியே இருக்க நேரும் பெண்ணுக்குத் துணை ஏற்பாடு செய்வதும், திருமணமானால் கணவரின் தொழிலைக் கருத்தில் எடுப்பதும் சேகரங்களுக்கு மேலுள்ள திருமாவட்டத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. இவற்றை முன்கூட்டியே எழுத்தில் உறுதிப்படுத்தினால் அந்தத் தாயார் கையெழுத்து வைப்பார் என்றே எண்ணுகிறோம்.

விண்ணப்பப் படிவம் தற்போது முகாமைக்குருவின் மேசையில் உள்ளது. ரீச்சருக்கு மாதப்படி கொடுப்பது, நோயாளிகளுக்குத் திருவிருந்து எடுத்துச் செல்லும் அனுமதியை எழுத்தில் வழங்குவது, நிர்வாகக் குழுவில் குறைந்தது இரண்டு பெண்களை வாக்குரிமையோடு சேர்ப்பது ஆகிய மூன்று பிரேரணைகளைப் பெண்கள் ஐக்கியம் அடுத்த சேகரக் கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறது. மூன்றாவது பிரேரணையை வழிமொழிந்திருப்பவர், அன்று சேமக்காலைக்குப் போகும் வழியில் ரீச்சரைத் தடுத்த அந்த மருமகன்.